பக்கத்து வீட்டில் எரிகிறதா?

ஜூலை 22

இந்த வண்டிக்குக் கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்திருப்பது லைட்டே இல்லை. அகல்விளக்கைப் பொருத்தி அனுப்பிவிட்டான். வாங்கிய புதிதில் பரவாயில்லாமல்தான் இருந்தது. இப்போது நாளாக நாளாக மங்கிக்கொண்டே போகிறது. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி வரும் ரோட்டில் இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். பாதி தூரத்துக்குத் தெருவிளக்கு கிடையாது. நேற்று வரும்போது என் முன்சக்கரம் எனக்குத் தெரிந்ததே பெரிய விஷயம்.

வேலைவெட்டி இல்லாமல் ஊர் சுற்றுகிறவன் என்றால் இருட்டும் முன் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளலாம். என்னால் அது முடியாது. தவமணி கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் நிற்கிறாள். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் முடிந்து கடை சாத்துவதற்குள் எங்கள் ஊர்க் கடைசி பஸ் போய்விடும். நான் போய்க் கூட்டி வந்தால்தான் உண்டு. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று மிச்சம் இருக்கும் ஒரே டூட்டி இதுதான். பெண்டாட்டியைக் கூட்டி வருவதெல்லாம் ஒரு டூட்டியா என்று எவனாவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

நாளைக்கே பரக்கத்துல்லா பாய் கடைக்குப் போகிறேன்.

ஜூலை 24

பாய் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். வண்டிக்கு லைட், ஹாரன், பெட்டி, சேலை கார்டு எல்லாம் மாட்டித் தருவார். நல்ல மனுஷன்தான். வாய்தான் கொஞ்சம் அதிகம்.

நான் மீட்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பேட்டரியில் வைத்துப் பார்த்தேன், பல்பு மாட்டுகிற இடத்திலும் வைத்துப் பார்த்தேன். முழு வோல்டேஜும் வருகிறது, வழியில் எங்கேயும் குறையவில்லை. அப்படியென்றால் பல்புதான் மட்டம். பல்பு நல்லாத்தானே எரியுது என்றார் பாய். காலம் பூராவும் கரண்டோடு குடும்பம் நடத்தியவனிடம் வந்து பல்பைப் பற்றிச் சொல்கிறார். பேசாமல் மாற்றுங்கள் என்று சொன்னேன். எல்.இ.டி. மாட்டியாயிற்று.

ஜூலை 25

பிரமாதம். பகல் மாதிரி இருக்கிறது.

ஜூலை 29

அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை.

வெளிச்சம் வருகிறது, ஆனால் பால் கலந்த தண்ணீர் மாதிரி வருகிறது. எதிரில் வருகிறவனுடைய லைட்டோ கண்ணைக் குத்துகிறது. ஊரில் ஒருத்தனுக்காவது டிம் அடிக்கத் தெரிகிறதா? அத்தனை பேரும் ஹை பீம். ஒவ்வொரு லைட்டைச் சுற்றியும் மழைக்கு முந்தின நாள் நிலாவுக்குக் கோட்டை கட்டுமே, அந்த மாதிரி ஒரு வட்டம் வேறு. இந்தக் காலத்து எல்.இ.டி. எல்லாமே இப்படி வட்டம் போட்டுத்தான் எரியும் போலிருக்கிறது. தரம் இல்லாத சரக்கு.

ஆகஸ்ட் 3

இன்று முழு நாளும் பாய் கடையில். கிராஷ் கார்டில் இடது வலது இரண்டு பக்கமும் பனிவிளக்கு மாட்டினோம். ஹேண்டில்பாரில் தனி ஸ்விட்ச், நடுவில் ரிலே, ஃபியூஸ். ஒயர் இழுத்ததெல்லாம் நான். பாய் டேப் சுற்றியதைப் பிரித்துவிட்டு நானே மறுபடி சுற்றினேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம். பழைய சேலை கார்டு துருப்பிடித்துத் தவமணியின் சேலையைக் கிழித்துக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினேன். அவள் டிபன் பையைத் தொங்கவிட்டு வருவது எனக்குப் பிடிக்காது, அதற்குப் பக்கவாட்டில் ஒரு பெட்டி. செல்போன் சார்ஜர். பக்கக் கண்ணாடியையும் அகலமானதாக மாற்றினேன்.

சாயந்திரம் புதுப் பவிசோடு கம்பம் போனேன். ரோட்டில் எதிரில் வந்தவர்கள் நிறையப் பேர் கையை நெற்றிக்கு நேரே தூக்கி வணக்கம் வைத்தார்கள். லைன் இன்ஸ்பெக்டரை ஊர் இன்னும் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 6

தவமணிக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. பின்னால் உட்கார்ந்துகொண்டு வழி நெடுகக் கமென்ட்ரி. குழி வருது. மாடு நிக்குது. சைக்கிள்காரர் ஒருத்தர் இடது பக்கம். கலியாணம் ஆன நாளிலிருந்து என் பின்னால் உட்கார்ந்து வருகிறவள், இத்தனை வருஷமும் வாயைத் திறந்ததில்லை. கடையில் நாள் பூராவும் பேசிப் பழகிவிட்டது, அதனால்தான் என்று நினைக்கிறேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. உபயோகமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 9

கூடலிங்கம் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தேன். பெரியண்ணன். என் வயதில்தான் அவருக்குக் கண் போனது. கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஆரம்பத்தில் அவரும் வீட்டில் டியூப்லைட் மங்கல், மங்கல் என்று மாற்றிக்கொண்டே இருந்தார். மாற்றிக் கொடுத்தவன் நான்தான்.

சரி, அது வேறு கதை. செயின் லூஸாக இருக்கிறது, நாளை இறுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 11

தவமணி அல்வாப் பொட்டலத்தோடு கடையிலிருந்து வெளியே வந்தாள். பட்டுப் பிரிவுக்கு அவளையே பொறுப்பாளராகப் போடுகிறார்களாம். தீபாவளிக் கூட்டம் தொடங்கும்போது பொறுப்பு ஏற்க வேண்டும். ஷட்டர் இறக்கிச் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பலாம். இந்த மாதக் கடைசிக்குள் சரியா, இல்லையா என்று சொல்ல வேண்டுமாம்.

அவளுக்குப் பிறகு வந்த பையன்களெல்லாம் மேலே போனார்கள். அவர்களுக்குச் சேலை மடிக்கக் கற்றுக் கொடுத்தவள் இவள். எனக்கு வாயெல்லாம் பல். எவ்வளவு நேரமானாலும் நான் வந்து கூட்டிப் போகிறேன், நீ ஏத்துக்க என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாக்கலாம் என்றாள்.

பாக்கலாமாம். இதில் பார்க்க என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 16

இன்றைக்கு ஒரு காரியம் நடந்திருக்கும். நடக்கவில்லை.

தூறல். பந்தல் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன், எல்லா லைட்டும் போட்டுத்தான். ரோடு முழுக்க வெள்ளையாக இருந்தது. திடீரென்று தவமணி என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து, ஏங்க ட்ரெய்லரு என்று கத்தினாள். பிரேக் அடித்தேன். வண்டி வழுக்கி நின்ற இடத்துக்கும் டிராக்டர் ட்ரெய்லரின் பின்பலகைக்கும் நடுவில் ஒரு கை நுழையாது. திராட்சைப் பெட்டி ஏற்றிக்கொண்டு பஞ்சராகி நின்றிருக்கிறான். ரிஃப்ளெக்டர் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. டிரைவரைப் பிடித்துக் கிழி கிழியென்று கிழித்தேன். அவன் திருதிருவென்று முழித்தான். தவமணி என் சட்டையைப் பிடித்து இழுத்து, வாங்க போவோம் என்றாள். வீடு வரை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்த மாதிரி வந்தோம். அவள் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 17

காலையில் அந்தப் பக்கம் போனேன். ட்ரெய்லர் அங்கேயே நிற்கிறது. பின்பலகை முழுக்கச் சிவப்பு ஸ்டிக்கர் அகல அகலமாக ஒட்டியிருக்கிறான். ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டியிருப்பான். திருட்டுப்பயல்.

ஸ்டிக்கர் மேல் பழைய சேறு காய்ந்து கிடந்தது. அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 18

பாயிடம் ஹேண்டிலுக்கு மேலே நீளமாக ஒரு லைட் பட்டை போடச் சொன்னேன். முடியாது என்றுவிட்டார். காசு கொடுக்கிறவன் கேட்கிறேன், இவர் யார் முடியாதென்று சொல்ல? அதற்கு அவர் சாவியை வாங்கிக்கொண்டு, பொழுது சாய்ந்த நேரத்தில் பந்தல் ரோடு வரை என் வண்டியை ஓட்டிப் போய்விட்டு வந்தார். வந்து இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்து டீ சொன்னார்.

“அண்ணே, எறும்பு போறது தெரியுதுண்ணே. இதுக்கு மேல போட்டா, வண்டிய கோயில் தேருக்குப் பின்னாடிதான் ஓட்டணும்.”

டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். வேறு கடையா இல்லை?

ஆகஸ்ட் 20

மதியம் குட்டித் தூக்கம் போட்டு எழுந்தேன். தவமணிக்கு இன்று வார விடுமுறை. அடுப்படியில் கடைத்தோழி யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருக்கிறாள். பட்டுப் பிரிவு வேண்டாம் என்று சொல்லப் போகிறாளாம். அதோடு, சாயந்திரம் பஸ் இருக்கும்போதே கிளம்புகிற மாதிரி பில் போடும் இடத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறாளாம். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். முழங்கால் வலிக்குது, நிக்க முடியல என்றாள்.

அவளுக்கு முழங்கால் வலி கிடையாது. நேற்றுகூட ஸ்டூலில் ஏறி ஒட்டடை அடித்தாள்.

திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 21

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

கடையிலிருந்து வந்ததும் நானே ஆரம்பித்தேன். வேலையை வேண்டாம் என்று சொல்லப் போகிறாயா என்று கேட்டேன். அவள் மறைக்கவில்லை. ஆமாம் என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. லைட் போட்டேன், பெட்டி போட்டேன், கார்டு போட்டேன், உனக்காகத்தானே இத்தனையும் என்று கத்தினேன். நான் கத்தி முடிக்கும் வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் வாரியத்தில் இருந்தபோது எங்கள் வீட்டு லேண்ட்லைன் நம்பர் ஊருக்கே தெரியும். மழை பெய்தால் போதும், லைட் டிம்மா எரியுது, ஃபேன் சுத்தல என்று போன் வந்துகொண்டே இருக்கும். நான் ஏதாவது ஒரு போஸ்ட் மேல் ஏறியிருப்பேன், தவமணிதான் எடுப்பாள். முதலில் கேட்க வேண்டிய கேள்வியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்: பக்கத்து வீட்டில் எரிகிறதா? அங்கேயும் மங்கல் என்றால் கோளாறு லைனில், நான் போக வேண்டும். பக்கத்து வீட்டில் நன்றாக எரிகிறது என்றால் கோளாறு அவர்கள் வீட்டுக்குள்ளே. வீட்டு ஒயர்மேனைக் கூப்பிடச் சொல்லிப் போனை வைத்துவிடலாம். எத்தனை மழை நாளில் அந்தக் கேள்வி என்னைக் காப்பாற்றியிருக்கிறது!

தவமணி என்னைப் பார்த்து, போனில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

“பக்கத்து வீட்ல எரியுதா?”

எனக்குப் புரியவில்லை. எந்தப் பக்கத்து வீடு என்றேன்.

“நாந்தாங்க பக்கத்து வீடு. ஒரு சாண் தள்ளி உக்காந்து அதே ரோட்டத்தான் பாக்குறேன். எனக்கு நல்லா எரியுது. பழைய லைட்லயே நல்லாத்தான் எரிஞ்சது.”

நான் எழுந்து வெளியே போய் வண்டியின் ஃபியூஸைக் கழற்றி மாட்டினேன். அதில் ஒன்றும் இல்லை என்று தெரியும். அவள் வாசலில் வந்து நின்றாள். உங்கண்ணன் மாதிரி ஆயிருமோன்னுதான பயப்படுறீங்க, எனக்கும் பயந்தான் என்றாள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தெரிந்துகொள்வதைவிட, இந்தப் பயத்தோடு தினமும் பின்னால் உட்கார்ந்து வருவதுதான் கஷ்டமாக இருக்கிறதாம்.

வண்டியைத் துடைத்தேன்.

ஆகஸ்ட் 22

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இருந்தேன். மழை வரும்போல் இருந்தது, போகவில்லை.

ஆகஸ்ட் 23

மழை வரவில்லை. இருந்தாலும் போகவில்லை.

ஆகஸ்ட் 26

தேனியில் கண் ஆஸ்பத்திரி. தவமணி லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். பஸ்ஸில்தான் போனோம், நான் வண்டியை எடுக்கிறேன் என்று சொல்லவே இல்லை.

எழுத்துப் பலகையில் மேலே இருந்த பெரிய எழுத்தை வாசித்தேன். அடுத்த வரியில் தடுமாறினேன். அதற்கடுத்த வரியை வாய்க்கு வந்தபடி அடித்துவிட்டேன். அந்த நர்ஸ் பெண் எழுதிக்கொண்டே சிரித்தது. பிறகு கண்ணில் சொட்டு விட்டுப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என் வாழ்க்கையில் உயர் அழுத்த எச்.டி. லைனுக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. அண்ணன் இப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்தவன் நான். அவர் உள்ளே போய்விட்டு வந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். நாலு பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கருவியில் தாடையை வைக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். பிரஷர் எடுத்தார். நரம்பைப் பார்த்தார். அண்ணன் விஷயத்தைத் தவமணிதான் சொன்னாள்.

“பிரஷர் சரியா இருக்குங்கய்யா. நரம்பும் நல்லா இருக்கு. இது வெறும் புரை. ரெண்டு கண்ணுலயும் நல்லா முத்தியிருக்கு. எடுத்துட்டா தெரியும்.”

வெறும் புரையா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அண்ணனுக்கு வந்தது இல்லையா? இல்லை. நன்றாகப் பார்த்தீர்களா? பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்துவிடுங்களேன் என்றேன். அந்தப் பெண் கோபப்படாமல் இன்னொரு தடவை பார்த்துவிட்டு அதையே சொன்னார். குடும்பத்தில் இருப்பதால் வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மாசத்துக்கு ஒரு தடவை வேண்டுமானாலும் வருகிறேன் தாயி என்றேன்.

வெளியே வந்து ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். சொட்டு மருந்து என்று சமாளிக்கலாம் என்று பார்த்தேன். தவமணியும் அழுதுகொண்டிருந்தாள், அவளுக்கு யாரும் சொட்டு விடவில்லை.

ஆகஸ்ட் 27

அண்ணனிடம் எப்படிச் சொல்வது? எனக்குப் போகவில்லை, உனக்குத்தான் போய்விட்டது என்று போய்ச் சந்தோஷப்பட முடியுமா? கால் மணி நேரம் ஊர்க்கதை பேசினேன். அவரே, என்னடா விஷயம் சொல்லு என்றார். சொன்னேன்.

அவர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

“நீ வாரப்ப வாசப்படிய காலால தேடுற சத்தம் எனக்குக் கேக்கும்டா. நாலு மாசமா கேக்குது. கேட்டா நெசமாயிருமோன்னு கேக்காமயே இருந்துட்டேன்.”

பிறகு மதினியைக் கூப்பிட்டு, தம்பிக்குச் சோறு போடு, கறி எடுத்துட்டு வரச் சொல்லு என்றார். கறி வந்தது. அண்ணன் என்னைவிட அதிகமாகச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 30

தவமணி கடையில் சரி என்று சொல்லிவிட்டாள். முழங்கால் வலி போய்விட்டதாம்.

செப்டம்பர் 13

நேற்று வலது கண் ஆபரேஷன், இன்று கட்டு அவிழ்த்தார்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்து விளையாடிக்கொண்டிருக்கிறேன். இடது கண்ணில் எங்கள் வீட்டுச் சுவர் பழுப்பு, வலது கண்ணில் வெள்ளை. போன பொங்கலுக்கு வெள்ளையடித்தவனிடம், என்னய்யா பழைய சுண்ணாம்பா என்று சண்டை போட்டேன். அவன் இந்தப் பக்கம் வந்தால் நான் உள்ளே போய்விட வேண்டும்.

தவமணியின் முகத்தையும் பார்த்தேன். இளைத்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது. இதெல்லாம் எப்போது வந்தது என்று கேட்டேன். வெயிலு என்றாள். கடைக்குள் என்ன வெயில்?

அக்டோபர் 4

இடது கண்ணும் ஆயிற்று. வண்டியைத் தொடக் கூடாது. தூசு ஆகாது, குனியக் கூடாது. தவமணி இப்போதைக்குப் பஸ் நேரத்துக்கே கிளம்பி வருகிறாள். நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிக்கெல்லாம் லைட் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். எவன் லைட்டைச் சுற்றியும் வட்டம் இல்லை.

அக்டோபர் 24

டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். நேராகப் பாய் கடைக்குப் போனேன். டீ சொல்லுங்க என்றேன். அவர் என் கண்ணை ஒரு தடவை பார்த்தார். இரண்டு டீ வந்தது.

கடைக்குள் வண்டியை நிறுத்தி எல்லா லைட்டையும் ஒரு தடவை போட்டுக் காட்டச் சொன்னேன். எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததில் எனக்குக் கண் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பனிவிளக்கு இரண்டையும் கழற்றிவிடுங்கள் என்றேன். மழைக்கு உதவும், இருக்கட்டும் என்று பாய் சொல்லி, மஞ்சள் மூடி போட்டு, ரோட்டைப் பார்க்கத் தாழ்த்தி வைத்தார். நான் டேப் சுற்றப் போனேன். பிறகு அவரையே சுற்றச் சொன்னேன்.

அக்டோபர் 27

இன்று தவமணி பொறுப்பு ஏற்ற முதல் நாள். தீபாவளிக் கூட்டம் கடையைப் பிய்த்துவிட்டது. ஷட்டர் இறக்கும்போது நான் எதிர்ப்பக்கம் வண்டியோடு நின்றிருந்தேன். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். நிற்க முடியாத அசதி, ஆனாலும் முகம் பளிச்சென்று இருந்தது. பெட்டியில் பையை வைத்தாள், ஹெல்மெட்டை மாட்டினாள், ஏறி உட்கார்ந்தாள்.

ஊரைத் தாண்டிப் பந்தல் ரோட்டில் இறங்கினோம். ஒரு லைட்தான் போட்டிருந்தேன். பந்தல் கல்கால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ரோட்டோரம் நாய் ஒன்று திரும்பிப் பார்த்தது, அதன் கண் தெரிந்தது. முதல் குழி வந்தது, ஒதுக்கினேன். தவமணி ஒன்றும் சொல்லவில்லை. வளைவில் மாடு நின்றது, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாளே கடையில் யாரோ வம்பு பண்ணிவிட்டார்களோ, மனசு சரியில்லையோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. என்ன தவமணி, பேச்சையே காணோம் என்றேன். பதில் இல்லை.

அப்போதுதான் அவள் ஹெல்மெட் என் முதுகில் வந்து மெல்ல முட்டியது. கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கையாலும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

இத்தனை மாதமும் இந்த வண்டியை ஓட்டியவள் அவள்தான். இன்றைக்குத்தான் என்னிடம் கொடுத்திருக்கிறாள்.

அவள் கை இரண்டையும் என் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடந்து போகிறவன் முந்திப் போகிற வேகத்தில் வீடு வந்து சேர்ந்தேன். இன்ஜினை அணைத்தால் விழித்துக்கொள்வாள் என்று தோன்றியது. வாசலில் இரண்டு காலையும் ஊன்றி, வண்டியை ஓடவிட்டபடியே நின்றேன். பெட்ரோல் போனால் போகிறது.